குடும்பத்தோடு தற்காப்புக் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பிள்ளைகளோடு சேர்ந்து ஜூடோ பழகுகிறேன். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் மாஸ்டருக்கு ஒத்தாசையாகவும் நிற்கிறேன். வகுப்பு முடிந்ததும் பெற்றோர்கள் வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக. அவசரத்தில் இருப்பவர்கள் 7ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. குடும்பமா கத்துக்கிறதுன்னா எல்லாரும் ஒரே கிளாஸ்ல நிக்கணுமா?

அப்படிக் கட்டாயம் இல்லை. சில இடங்களில் குடும்ப வகுப்பு என்றே தனியாக நடத்துகிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் முழு நேரமும் ஒன்றாக இருப்பார்கள். சில இடங்களில் பிள்ளைகள் வகுப்பு முடிந்த கையோடு பெரியவர்கள் வகுப்பு தொடங்கும். இன்னொரு முறையும் உண்டு. வணக்கம் சொல்வது, வார்ம்-அப், விழப் பழகுவது எல்லாம் சேர்ந்து. அப்புறம் வயதுவாரியாகப் பிரிந்து போய், கடைசிப் பத்து நிமிடம் மறுபடி ஒன்றாக.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஏழு வயதுப் பிள்ளைக்கு நீளமான விளக்கம் கேட்கப் பொறுமை இருக்காது. நாற்பது வயதுக்காரருக்கோ காரணம் சொன்னால்தான் மனதில் நிற்கும். இருவரையும் முழு நேரமும் ஒரே வரிசையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் சும்மா காத்திருக்க வேண்டியிருக்கும்.

2. நீச்சல், சைக்கிள்னு எவ்வளவோ இருக்கே. இதுல என்ன விசேஷம்?

உடற்பயிற்சிக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமும் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதை எந்த விளையாட்டாலும் எட்டிவிடலாம்.

விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் பிள்ளை ஆடும், பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே அப்பாவும் மகளும் ஒரே நாளில் வெள்ளை பெல்ட் கட்டி, ஒரே முதல் பாடத்தில் நிற்க முடியும். அம்மாவும் தடுமாறுகிறாள், தப்பாகச் செய்கிறாள், கூச்சப்படாமல் மறுபடி செய்கிறாள் என்பதைப் பிள்ளை நேரில் பார்க்கிறது. வீட்டில் பெற்றோர் எல்லாம் தெரிந்தவர்களாகவே இருப்பதால் இதைப் பார்க்க அவர்களுக்கு வேறு வாய்ப்பு அதிகம் கிடைக்காது.

3. கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ, சிலம்பம்... எங்களுக்கு எது சரிப்படும்?

இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். ஒன்று, தள்ளி நின்று கையாலும் காலாலும் அடிப்பது: கராத்தே, டேக்வாண்டோ. இன்னொன்று, பிடித்து, வீழ்த்தி, தரையில் அமுக்குவது: ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு. முதல் வகையில் தனியாகச் செய்யும் பாடங்கள் நிறைய உண்டு. கராத்தேயில் கட்டா என்பார்கள், டேக்வாண்டோவில் பூம்சே. ஆறு வயதும் அறுபது வயதும் அருகருகே நின்று ஒரே கட்டாவைச் செய்யலாம். எடை, உயரம் எதுவும் குறுக்கே வராது. இரண்டாம் வகையில் ஜோடி இல்லாமல் பாடமே இல்லை. அதனால் எடை வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துச் சமாளிக்க வேண்டும். ஆனால் அடுத்தவர் உடம்பைப் பத்திரமாகக் கையாளும் பழக்கம் அதில் சீக்கிரம் வரும்.

சிலம்பம் இந்த இரண்டிலும் அடங்காது. காலடி முறைகள் பழகி, தனியாகக் கம்பு சுற்றிப் பழகிய பிறகே எதிராளி வருவார் என்பதால் குடும்பத்துக்கு நன்றாகவே ஒத்துவரும். இட வசதிதான் முக்கியம். ஒவ்வொருவரைச் சுற்றியும் கம்பு முழுதாகச் சுழலும் இடம் வேண்டும். போட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு ஐகிடோ இருக்கிறது. அதன் பெரும்பாலான பள்ளிகளில் போட்டி கிடையாது. இவ்வளவு சொன்னாலும், கலையின் பெயரைவிட யார் சொல்லித்தருகிறார் என்பதுதான் பெரிது. அதை 17இல் பாருங்கள்.

4. பிள்ளையை எந்த வயசுல சேர்க்கலாம்?

நான்கு, ஐந்து வயதில் சேர்த்தால் அது ஓடி ஆடி உருளும் விளையாட்டு வகுப்பாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. முறையாகக் கற்க ஆறு, ஏழு வயது பொதுவாகச் சரியாக இருக்கும். வயதைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: 'நில்' என்றால் பிள்ளை நிற்கிறதா, எதிரே இருப்பவருக்கு வலிக்கும் என்பது புரிகிறதா.

ஒரு எச்சரிக்கை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் அவை முழுதாக எலும்பாக மாறும். கட்டாந்தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுப்பது, பலகை, ஓடு உடைப்பது, காலை வலுக்கட்டாயமாக அகட்டி உட்கார வைப்பது எல்லாம் அந்த வயதுக்குத் தேவையே இல்லை.

5. எனக்கு நாப்பது தாண்டிடுச்சு. குனிஞ்சா நிமிர முடியல. இனிமே போய் எப்படி?

தாராளமாகத் தொடங்கலாம், பிள்ளையின் வேகத்தில் தொடங்கக் கூடாது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது தொடையின் பின்தசை, கெண்டைக்கால், குதிகால் தசைநார் இவைதான். திடீரென்று உதைப்பதும் குதிப்பதும்தான் காரணம். முதல் சில மாதங்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் உதைக்க வேண்டாம். வார்ம்-அப்பைத் தவறவிட்டுத் தாமதமாக வரும் நாளில், ஓரத்தில் நின்று நீங்களாகவே அதை முடித்துவிட்டு வரிசையில் சேருங்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், நடந்தாலே நெஞ்சு வலி, பழைய முதுகு அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மாஸ்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளை பார்க்கிறதே என்று வலியை மென்று முழுங்குவதுதான் நான் பார்த்தவரை பெற்றோர் செய்யும் பெரிய தவறு. வலித்தால் உட்கார வேண்டும் என்பதைப் பிள்ளையும் உங்களிடமிருந்துதான் கற்க வேண்டும்.

6. அடிபடாதா?

படும். சிராய்ப்பு, ரத்தக்கட்டு, விரல் சுளுக்கு சாதாரணம். எலும்பு முறிவும் எப்போதாவது நடக்கலாம், மற்ற விளையாட்டுகளைப் போலவே. ஆபத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு விழக் கற்பதற்கு உண்டு. ஜூடோவில் யாரையும் வீழ்த்தக் கற்பதற்கு முன்பே உகேமி என்ற இந்தப் பாடம் தொடங்கிவிடும்.

பின்பக்கமாக விழுவதை எடுத்துக்கொள்வோம். முதலில் குந்தி உட்கார வேண்டும். தாடையை மார்போடு ஒட்டி, கண்ணைத் தன் பெல்ட் முடிச்சின் மேல் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பின்மண்டை தானாகவே தரையிலிருந்து விலகும். முதுகை வளைத்து உருண்டு போகும்போது, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலக்கி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து பாயில் அறையும்படி அடிக்க வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் உடைகின்றன. குந்தி உட்கார்ந்து நன்றாக வந்த பிறகே நின்று விழுவது. பாயில் மட்டுமில்லாமல் ஈரத்தரையில் வழுக்கும் நாளிலும் கைகொடுக்கும் பாடம் இது. குடும்பம் முழுக்க இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிட்டாலும் சேர்ந்ததற்குப் பலன் உண்டு.

7. பிள்ளை தப்பா செய்யறப்ப நான் பக்கத்துல நின்னு திருத்தலாமா?

கூடாது. சேர்ந்து பயிற்சி செய்யும் குடும்பங்கள் நீடிப்பதும் பாதியில் விடுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தது என்பது என் திடமான அபிப்பிராயம். எங்கள் வகுப்பில் அடிக்கடி நடப்பது இது: மாஸ்டர் ஒரு சிறுமியிடம் 'பின்னங்காலைத் திருப்பு' என்கிறார். பக்கத்து வரிசையிலிருந்து அப்பா 'கையைத் தூக்கு, கையைத் தூக்கு' என்கிறார். இரண்டும் சரியான திருத்தமாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளை காலையும் பார்க்காமல் கையையும் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அதோடு அன்றைய பாடம் போயிற்று.

பாயில் கால் வைத்ததும் நீங்களும் மாணவர்தான். பிள்ளையின் தப்பு மாஸ்டரின் கண்ணில் படவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் படும். பிள்ளையே வந்து 'இது எப்படி?' என்று கேட்டால், 'வா, மாஸ்டரைக் கேட்போம், எனக்கும் சந்தேகம்' என்று சொல்லுங்கள். யாருக்காவது அடிபடும் நிலை என்றால் மட்டும் குறுக்கே போகலாம்.

வீடு திரும்பும் வழிக்கும் இதே விதிதான். வகுப்பில் அடக்கி வைத்த திருத்தங்களை எல்லாம் வண்டியில் கொட்டினால், பிள்ளைக்கு வகுப்பு இரண்டு மடங்கு நீளமாகிவிடும். 'இன்னைக்கு எது பிடிச்சுது?' என்று ஒரே கேள்வி போதும். இல்லையென்றால் உங்களுக்கு எது வரவில்லை என்று நீங்கள் சொல்லுங்கள்.

8. நானும் என் பொண்ணும் ஜோடி போடலாமா? எனக்கு எழுபது கிலோ, அவளுக்கு இருபத்தஞ்சு.

போடலாம், எல்லாப் பயிற்சிக்கும் இல்லை. ஜூடோவில் நுட்பத்தைச் செய்பவரை தோரி என்றும், அதை வாங்கிக்கொள்பவரை உகே என்றும் சொல்வோம். இவ்வளவு எடை வித்தியாசத்தில் வீழ்த்தும் பாடம் என்றால் நீங்கள் உகேவாகவே இருங்கள். அவளை நீங்கள் வீழ்த்துவதில் உங்களுக்குப் பழக ஒன்றும் இல்லை. தவறி அவள் மேல் நீங்கள் விழுந்தால் அவள் விலா எலும்புக்கு ஆபத்து. முட்டி போட்டு நின்றால் உயரம் ஓரளவு சமமாகும். கராத்தே, டேக்வாண்டோ என்றால் பேட் (அடி வாங்கும் கைமெத்தை) பிடிப்பதுதான் பெற்றோருக்கு நல்ல வேலை. முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பேடை உங்கள் முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் பிடித்து, அடி வரும் கணத்தில் ஒரு அங்குலம் முன்னால் கொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்!

பெற்றோர் உகேவாக இருக்கும்போது இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சில அம்மாக்கள் பிள்ளை தொட்டதுமே விழுந்துவிடுவார்கள். பிள்ளை தப்பான நுட்பத்தைச் சரி என்று நம்பிவிடும். சில அப்பாக்கள் தூண் மாதிரி நின்று, 'பார்த்தியா, இது வேலைக்கு ஆகாது' என்பார்கள். சரியாகச் செய்தால் விழ வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். இந்த நேர்மைதான் உகேயின் வேலை. மற்ற நேரங்களில் இருவரும் தத்தம் அளவுக்கு ஒத்தவர்களோடு பழகுங்கள். குடும்பத்துக்குள்ளேயே சுற்றினால் திறமை வளராது.

9. பையன் எனக்கு மேல பெல்ட் வாங்கிட்டான். வரிசையில அவனுக்குக் கீழ நிக்கணுமாம். சங்கடமா இருக்கு.

பெல்ட் வரிசையில் நிற்கும் இடங்களில் அதுதான் முறை, அப்படியே நில்லுங்கள். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கி, பழகியவருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் தெரிய கறுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்தார். பல வண்ண பெல்ட்டுகள் பின்னால் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோதுதான் பெருகின. எந்தப் பாடம் வரை வந்திருக்கிறார் என்று மாஸ்டர் பார்த்ததும் தெரிந்துகொள்வதற்கு அது ஒரு அடையாளம். வீட்டு மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவனிடம் ஒரு பாடத்தைக் கேட்டுக் கற்றுப் பாருங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவனுக்கே அந்தப் பாடம் தெளிவாகும். 7இல் பெற்றோருக்குச் சொன்ன தடை இங்கே பொருந்தாது. மேல் பெல்ட் மாணவர் கீழ் பெல்ட் மாணவருக்கு உதவுவது வகுப்பின் வழக்கம், அதையும் மாஸ்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

10. தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை ஏழு வயசுலயே கறுப்பு பெல்ட். நம்ம பிள்ளை ஏன் இன்னும் மஞ்சள்லயே இருக்கு?

உங்கள் மாஸ்டர் அவசரப்படவில்லை என்று நிம்மதியாக இருங்கள். முறையான அமைப்புகள் வயதுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. டேக்வாண்டோவில் குக்கிவோன் அமைப்பு 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுக் கறுப்பு பெல்ட்டுக்குப் பதில் பூம் என்ற நிலையைத் தருகிறது. அதன் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில் நீல பெல்ட்டுக்கே 16 வயதும் கறுப்புக்கு 19 வயதும் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி வரிசை.

மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், யாரும் ஃபெயிலே ஆவதில்லை என்றால் அங்கே பெல்ட் விற்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

11. வீட்லயும் தினமும் பயிற்சி செய்யணுமா?

வாரம் இரண்டு வகுப்பு தவறாமல் போனாலே நல்ல முன்னேற்றம் தெரியும். வீட்டில் பத்து நிமிடம் செய்தால் கூடுதல் நன்மை: கட்டா, காலடி, ஒற்றைக்காலில் நிற்பது, உடம்பை நீட்டி மடக்குவது. ஜோடியாக வீழ்த்துவதும், கழுத்தை நெரிப்பதும், மூட்டைப் பூட்டுவதும் வீட்டில் வேண்டவே வேண்டாம். பாயும் இல்லை, பார்த்துக்கொள்ள மாஸ்டரும் இல்லை, மேசை முனை வேறு பக்கத்திலேயே இருக்கும்.

12. கத்துக்கிட்டதை எல்லாம் அண்ணனும் தங்கச்சியும் வீட்ல ஒருத்தர் மேல ஒருத்தர் காட்டறாங்க!

ஆரம்ப மாதங்களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இது நடக்கும். விதியை மாஸ்டர் வாயால் சொல்ல வையுங்கள்: பாய்க்கு வெளியே யார் மேலும் பிரயோகிக்கக் கூடாது. நீங்கள் சொன்னால் அது இன்னொரு வீட்டுக் கண்டிப்பு. மாஸ்டர் சொன்னால் அது கலையின் விதி, பிள்ளைகள் அதை வேறு மாதிரி மதிப்பார்கள்.

இன்னொன்று, தட்டுதல். பிடி பட்டவர் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு முறை தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். கை அகப்படாவிட்டால் வாயால் சொல்லலாம். இந்தப் பழக்கத்தை மட்டும் வீட்டுக்கும் கொண்டுபோங்கள். கிச்சுகிச்சு மூட்டினாலும் சரி, விளையாட்டுக்குக் கட்டிப் பிடித்தாலும் சரி, தட்டினால் விட்டாக வேண்டும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பிள்ளைகள் மிக உற்றுக் கவனிப்பார்கள்.

13. கொஞ்ச நாள் ஆசையா வந்தான். இப்ப வர மாட்டேன்னு அடம்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். யாராவது முரட்டுத்தனமாகப் பிடிக்கிறார்களா, பெல்ட் டெஸ்ட் பயமா, கேலியா, பள்ளிக் களைப்பா? 7இல் சொன்ன சங்கதியும் அடிக்கடி காரணமாக இருக்கிறது. பெற்றோரின் வாய் நின்றதும் பிள்ளை திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அலுப்பு மட்டும்தான் என்றால் ஒரு தவணையை முடித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் மட்டும் தொடருங்கள். அம்மா இன்னும் போகிறாளே என்று பார்த்துச் சில பிள்ளைகள் தாமாக வரும், சில வராது. திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே நீங்கள் போகக் கூடாது. உங்களுக்குப் பிடித்திருந்தால் போங்கள்.

14. எங்க வீட்டுக்காரருக்கு இதுல ஆர்வமே இல்ல.

ஒருவரும் பிள்ளையும் போனாலே அது குடும்பப் பயிற்சிதான். அவரைப் பெல்ட் டெஸ்ட் நாளில் பார்க்க வரச் சொல்லுங்கள், போதும்.

15. பாட்டியும் வரலாமா? அப்புறம், கர்ப்பமா இருக்கறப்ப?

வயதானவர்களுக்குத் தாய்ச்சி என்ற சீனக் கலை மிகப் பொருத்தம். நிதானமான அசைவுகளில் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பழகுவதால் முதியோர் தடுக்கி விழுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டாவும் மெதுவாகச் செய்தால் நல்லது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் 6இல் சொன்ன விழும் பயிற்சியைச் செய்யக் கூடாது.

கர்ப்ப காலத்தில் ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகுவது), வீழ்த்துதல், விழுதல் மூன்றும் நிறுத்த வேண்டும். வயிற்றில் அடிபடும் எதுவும் கூடாது. மருத்துவர் சம்மதித்தால் மெதுவான கட்டா, மூச்சுப் பயிற்சி, நடைகள் செய்யலாம். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலேயே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

16. ஒருத்தருக்கு வந்த படை வீடு முழுக்கப் பரவிடுச்சு. பாயினாலயா?

இருக்கலாம். உடம்போடு உடம்பு உரசும் கலைகளில் படர்தாமரை சீக்கிரம் தொற்றும். குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே துண்டில் துடைத்துக்கொள்வதால் இன்னும் வேகமாகப் பரவும். ஆளுக்கொரு துண்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் துவைத்த உடை, முடிந்ததும் குளியல், வெட்டிய நகம் என்று பழக்கிக்கொள்ளுங்கள். பாயைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்றும் கேளுங்கள். தடிப்பு இருக்கும்போது மருந்து போட்டு ஆறும்வரை யாரோடும் ஜோடி வேண்டாம்.

17. நல்ல மாஸ்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேரும் முன் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். பதக்கங்களைப் பார்ப்பதைவிட, வகுப்பிலேயே மிகவும் திணறும் பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பெரியவர் ஒருவர் தவறு செய்தால் அவரையும் பிள்ளைகளைத் திருத்தும் அதே மரியாதையோடு திருத்துகிறாரா என்றும் பாருங்கள். பெற்றோரைத் திருத்தத் தயங்குகிற மாஸ்டரிடம் குடும்பமாகப் பழக முடியாது. அவர் யாரிடம் கற்றார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார், முதலுதவி தெரியுமா என்று கேட்டால் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

பிள்ளைப் பாதுகாப்பில் தயக்கமே வேண்டாம். பூட்டிய அறையில் தனிப் பயிற்சி, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்குச் செய்தி அனுப்புவது, 'இதை வீட்டில் சொல்லாதே' என்பது, தண்டனையாக அடிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

18. பொண்ணு ஆம்பளைப் பசங்களோட பிடிச்சு உருளணுமா?

அவளுக்கு விருப்பம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் தேவையில்லை. யாரோடு ஜோடி சேர மறுத்தாலும் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் வகுப்புதான் நல்ல வகுப்பு. இது ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். ஜூடோ 1964இல் ஒலிம்பிக்ஸுக்குள் வந்தாலும் பெண்களுக்கு அங்கே அதிகாரபூர்வமாக இடம் கிடைக்க 1992 ஆயிற்று. இன்று பல இடங்களில் பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அம்மா கூடவே பாயில் இருந்தால் மகளுக்குத் தைரியமாக ஜோடி சேர ஒரு ஆள் எப்போதும் உண்டு.

19. தலையில அடி பட்டுச்சு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மறுபடி இறங்கலாமா?

கூடாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தாலே அன்று பயிற்சி முடிந்தது. மயக்கம் வந்தால்தான் ஆபத்து என்பதில்லை. தலைவலி, தள்ளாட்டம், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது, வெளிச்சம் கூசுவது எல்லாம் அறிகுறிகள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிவது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதன்பின் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு லேசான நடை, படிப்படியாக ஓட்டம், தனிப் பயிற்சி. யாரோடாவது மோதும் பயிற்சி மருத்துவர் சரி என்ற பிறகுதான். இந்த விதி அப்பாவுக்கும் உண்டு. தனக்கு என்றால் 'ஒண்ணுமில்ல' என்று எழுந்து நிற்கும் பெரியவர்கள் நிறைய.

20. இதைக் கத்துக்கிட்டா நிஜமாவே ஆபத்துல தப்பிச்சுக்கலாமா?

முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு பழகினாலும் வளர்ந்த ஆளைச் சண்டையில் வெல்லாது. வெல்லும் என்று அதை நம்ப வைப்பது ஆபத்தானது. பயிற்சியால் கிடைப்பது வேறு: குரல் உயர்த்தி 'வேண்டாம்' என்று சொல்வது, கையை உதறி ஓடுவது, கீழே விழுந்தாலும் உறைந்து போகாமல் எழுவது, பெரியவரிடம் வந்து சொல்வது. இதை எல்லோரும் சேர்ந்தே பேசிக்கொள்ளுங்கள். பொருளைக் கேட்டால் கொடுத்துவிட்டு விலகுவதுதான் நம் குடும்பத்தின் முடிவு என்று பெரியவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

21. போட்டிக்கு அனுப்பணுமா? எடையைக் குறைக்கச் சொல்றாங்க.

போட்டி கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டால் அனுப்புங்கள், ஜூடோவில் சின்னப் பிள்ளைகள் போட்டியில் கழுத்து நெரிப்பும் கைப் பூட்டும் பெரும்பாலான நாடுகளில் தடை செய்யப்பட்டவை. டேக்வாண்டோ பூம்சேயில் ஆணும் பெண்ணும் ஜோடியாகச் செய்யும் பிரிவும் உண்டு. ஆனால் வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு, தண்ணீரைக் குறைத்து, கீழ் எடைப் பிரிவில் இறக்குவதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருக்கும் எடையில் ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கு 7ஆம் கேள்வி இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

22. நான் கிளாஸ்ல இருந்தா மக ஒடுங்கிப் போறா, நான் இல்லாத அன்னைக்கு நல்லா செய்யறாளாம். நான் நின்னுடணுமா?

இதைக் கேட்டு வரும் பெற்றோர் மனம் வருந்தித்தான் கேட்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் இது சகஜம். அவள் உங்களை வெறுக்கவில்லை. தப்பு செய்ய அவளுக்கு உங்கள் கண் படாத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். நிறுத்த வேண்டாம், வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அவள் ஒரு நேரம், நீங்கள் ஒரு நேரம், 1இல் சொன்ன இரண்டாவது முறையில்.

சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள். பெல்ட் டெஸ்ட்டுக்கு முன் அவளாக வந்து பேட் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். பிடிக்கும்போது 'இன்னொண்ணு' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் கேட்காத வாரம் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். எப்போது ஒரே வகுப்புக்குத் திரும்புவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். மாஸ்டரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் இருவரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பேசாமல் பார்த்துக்கொள்வார்.